பிள்ளையின் பிறந்த நாளும் ஏலமலையின் ஏற்ற இறக்கமும்

(தேவாரம் வட்டாரத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் விரிவான எழுத்து வடிவம்)

 

  

குழந்தைக்குப் பிறந்த நாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற வினா இமாம்களிடம் அடிக்கடி வருகின்றது. "கேக் வெட்டினால் ஹராமா ஹஜ்ரத்?" என்று கேட்பவர், ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்த்து நிற்கின்றார். சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த வினா எந்த வீட்டிலிருந்து, எந்த நிலையில் வருகின்றது என்பதைச் சற்றே விசாரித்தால், கேக்கைவிடப் பெரிய விஷயங்கள் அதன் பின்னால் மறைந்து நிற்பது தெரியவரும். ஓரிடத்தில் கணவன் வேண்டாமென்கிறான், மனைவி வேண்டுமென்கிறாள். மற்றோரிடத்தில் நன்னி ஆசைப்படுகிறார், அத்தாவிடம் பணமில்லை. இன்னோரிடத்தில் சென்ற ஆண்டு மண்டபம் பிடித்துக் கொண்டாடிவிட்டார்கள். இவ்வாண்டு கடை நொடித்துவிட்டது. பிள்ளையிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே இன்று அந்த வீடுகளின் நிலையிலிருந்தே இவ்விஷயத்தைப் பேசுவோம்.

மலையை நம்பிய வீடுகள்

நம் வட்டாரத்தின் வாழ்வு மேற்கே நிற்கும் மலையை நம்பி நடக்கின்றது. போடிநாயக்கனூர், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று அடிவாரத்தில் வரிசையாக அமைந்த ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் விடியுமுன் ஜீப் ஏறுகின்றனர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புகின்றனர். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக நேரே மலையேற ஒரு சாலை வேண்டுமென்பது இப்பகுதி மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை. சுற்றிப்போய்ச் சுற்றிவரும் அந்த நேரமெல்லாம் யாருடைய நேரம்? வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் நேரம்.

கூலிக்குச் செல்வோர் மட்டுமல்லர். சிறு தோட்டம் வைத்திருப்போர், காய் வாங்கி விற்போர், போடியில் காயைத் தரம் பிரிக்கும் பெண்கள், ஜீப் ஓட்டுநர்கள், இவர்களிடம் அரிசி பருப்பு விற்கும் மளிகைக்காரர்கள் என எல்லோருடைய அடுப்பும் ஏலக்காயின் விலையோடு ஏறி இறங்குகின்றது. 2019 ஆகஸ்டு 3 அன்று புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலை போனது. அதற்கு முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்திலும் பின்னர் வறட்சியிலும் செடிகள் அழிந்து வரத்து குறைந்ததே காரணம். 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 கோடையின் கடும் வெயிலில் இடுக்கியில் ஏக்கர் கணக்கில் ஏலச்செடிகள் காய்ந்து போயின.

2019 ஆகஸ்டில் இங்கே ஒரு வீட்டில் பிறந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள். அது பிறந்தபோது கையில் காசு புரண்டது. முதல் பிறந்த நாள் வந்த 2020 ஆகஸ்டில் கொரோனா கட்டுப்பாடுகளால் மாநில எல்லையைக் கடப்பதே பெரும்பாடாயிருந்தது. தோட்ட வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் வருமானமின்றித் தவித்தன. மூன்றாம் பிறந்த நாளின்போது காய்க்கு விலையில்லை. பள்ளியில் சேர்ந்த பிறகு வந்த பிறந்த நாளில், உடன் படிக்கும் பிள்ளை வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு எப்பம்மா?" என்று அது கேட்கிறது. ஏலக்காயின் விலை அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

மார்க்கம் என்ன சொல்கின்றது?

முதலில் சட்டத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் தம்முடைய பிறந்த நாளையோ, தம் மக்கள், பேரர்களுடைய பிறந்த நாளையோ ஆண்டுதோறும் விழாவாக நடத்தியதாக எந்தச் செய்தியும் இல்லை. ஸஹாபாக்களும் அவ்வாறு செய்யவில்லை. நபியவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் ஆண்டுக்கு இரு நாள்களை விளையாட்டு நாள்களாக வைத்திருந்தனர். அவற்றுக்குப் பதிலாக அல்லாஹ் அவற்றைவிடச் சிறந்த இரு பெருநாள்களைத் தந்துள்ளான் என்று அவர்களுக்கு அண்ணலார் அறிவித்தார்கள். எனவே மூன்றாவதாக ஒரு பெருநாளை நாம் உண்டாக்கிக் கொள்ளலாகாது என்பதும், மெழுகுவர்த்தி ஏற்றி ஊதி அணைத்தல் போன்ற பிற சமூகத்தாரின் சடங்குகளைப் பின்பற்றலாகாது என்பதும் கூடாதென்போரின் ஆதாரங்கள். மெழுகுவர்த்தியோடு கூடிய இந்தக் கேக் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் குழந்தைகளுக்காக நடந்து, பிறகு உலகெங்கும் பரவியது. நம் பாட்டனார்களுக்கு அது தெரியாது.

மறுபுறம், இது வணக்கமாகச் செய்யப்படுவதில்லை, வெறும் உலக வழக்கம். ஹராமான அம்சங்கள் கலக்காதவரை தடையில்லை என்று கூறும் அறிஞர்களும் உள்ளனர். 2008இல் சவூதி அறிஞர் ஸல்மான் அல்அவ்தா இவ்வாறு கூறியபோது, அந்நாட்டின் தலைமை முஃப்தியாக இருந்த அப்துல் அஸீஸ் ஆலுஷ் ஷைக் அதனை வன்மையாக மறுத்தார். ஒரே நாட்டின் உலமாக்களிடையே நிகழ்ந்த விவாதம் அது. தமிழகத்து உலமாக்களில் பெரும்பாலோர் தவிர்த்துக் கொள்ளுமாறே அறிவுறுத்துகின்றனர். இவ்வெளியோனின் கருத்தும் அதுவே.

உலக வழக்கம் என்பதற்கு அடுத்த ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இசையமைப்பாளர் இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. ஆனால் அது கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாளும் ஆகையால், அவர் மீதுள்ள மரியாதையால் தம்முடையதை ஜூன் 2க்கு மாற்றிக் கொண்டதாக அவரே கூறியிருக்கின்றார். ஒரு மனிதர் தம் விருப்பப்படி ஒரு நாள் முன்னே தள்ளி வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காக இரவெல்லாம் கணவனும் மனைவியும் சண்டையிட்டுக் கொள்வானேன் என்பதை இரு தரப்பாரும் யோசிக்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் தம் பிறப்பை நினைவுகூர்ந்த ஒரு முறையும் உண்டு. திங்கட்கிழமை நோன்பைப் பற்றி அவர்களிடம் வினவப்பட்டபோது, தாம் பிறந்ததும் தமக்கு வஹீ அருளப்பட்டதும் அந்நாளில்தான் என்று விடையளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. இங்கே கவனிக்க வேண்டியது, பிறவியும் ஒரு நிஃமத்து என்ற உணர்வு அந்த விடையில் இருக்கின்றது. அதற்கான நன்றி நோன்பாக வெளிப்படுகின்றது. அந்த நன்றி ஆண்டுக்கொரு முறை வருவதில்லை, வாரந்தோறும் வருகின்றது. காசு செலவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் அதைச் செய்ய முடியும்.

கருத்து வேறுபாடே இல்லாத ஹராம்

சகோதரர்களே! கேக்கில் கருத்து வேறுபாடு உண்டு. கேக்குக்காக வாங்கும் வட்டிக் கடனில் எந்த மத்ஹபிலும், எந்த இயக்கத்திலும், எந்த நாட்டு உலமாவிடத்திலும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் நம்மிடம் வரும் வினாக்களைப் பாருங்கள். கேக் ஹராமா என்று கேட்பவர் பத்துப் பேர். "முதல் பிறந்த நாளுக்காகக் குழுவில் கடன் எடுத்திருக்கிறேன், வாரந்தோறும் வட்டியோடு கட்டுகிறேன், இதன் நிலை என்ன?" என்று கேட்பவர் ஒருவருமில்லை.

மண்டபம், ஃபிளெக்ஸ் பேனர், பிரியாணி, பலூன் அலங்காரம், புகைப்படக்காரர், குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஒரே நிறத்தில் ஆடை. இவ்வளவையும் ஒரு கூலிக் குடும்பம் தன் வருவாயில் செய்ய இயலாது. நகை அடகுக்குப் போகின்றது. அல்லது பெண்கள் குழுவின் பெயரால் சிறுகடன் நிறுவனத்தில் வாங்குகின்றார்கள். அதுவும் கிடைக்காதவர் தண்டல்காரரிடம் போகின்றார். கடன் வாங்கும் காலம் பெரும்பாலும் ஆகஸ்டுக்குப் பின், காய் எடுப்பு மும்முரமாக நடந்து கையில் கூலி புரளும் மாதங்கள். தவணை கட்டத் திணறும் காலமோ மார்ச்சு முதல் மே வரை, மலையில் வேலை குறைந்துவிடும் மாதங்கள். வேலை இருக்கும்போது போட்ட கணக்கு வேலை இல்லாதபோது இடிக்கின்றது. தவணை தவறியவுடன் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்கின்றனர். அதற்கு அஞ்சி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

கந்துவட்டியை ஒடுக்கத் தமிழக அரசு 2003இல் தனிச்சட்டமே இயற்றியது. இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்கிரையானதை நாடறியும். அவர்களில் இருவர் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். அக்கடன் பிறந்த நாளுக்காக வாங்கியதன்று. ஆயினும் வட்டி எதற்காக வாங்கியது என்று பார்ப்பதில்லை.

வட்டியைக் கைவிடாதோர் மீது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவிப்பதாக அல்குர்ஆன் எச்சரிக்கின்றது. வேறெந்தப் பாவத்திற்கும் இத்தகைய சொல் வருவது அரிது. வட்டி உண்பவரையும், கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கின்றார்கள். கொடுப்பவர் என்ற சொல்லை நம்மில் பலர் கவனிப்பதில்லை. உயிர் காக்கும் மருத்துவத்திற்காக வேறு வழியே இல்லாமல் சிக்கியவரின் நிலையை உலமாக்கள் தனியே ஆராய்வார்கள். பலூனுக்காகச் சிக்கியவருக்கு எந்த நிர்ப்பந்தத்தைக் காட்டுவது?

இதில் செல்வந்தர்களுக்கும் பங்குண்டு. நல்ல விலை கிடைத்த ஆண்டில் தோட்டக்காரர் ஒருவர் பேரனின் பிறந்த நாளைத் திருமணம் போல் நடத்தினால், மறுவாரமே அவரிடம் வேலை செய்பவரின் வீட்டில் அந்த ஆசை முளைக்கின்றது. வசதியுள்ளவர் சிக்கனமாக இருப்பது ஏழைக்கு அவர் செய்யும் ஸதகா என்றே கொள்ளலாம். மஹல்லா ஜமாஅத்துகளின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென்று ஒரு தொகை ஒதுக்கி, மார்ச்சு முதல் மே வரையுள்ள மாதங்களில் தவணை கேட்பதில்லை என்று முடிவு செய்தால், நூறு பயான்கள் செய்யாத வேலையை அது செய்யும்.

நபியவர்கள் வீட்டின் குழந்தை

குடும்ப வாழ்வின் இன்பமும் துன்பமும் அண்ணலார் வீட்டிற்கும் வந்தவையே. தந்தையைப் பிறக்குமுன்னும் தாயை ஆறு வயதிலும் இழந்தவர்கள் அவர்கள். தமக்குப் பிறந்த ஏழு மக்களில் ஃபாத்திமா (ரலி) நீங்கலாக மற்ற ஆறு பேரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தார்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், ஏறக்குறைய அறுபது வயதில், மாரியா (ரலி) அவர்கள் வாயிலாக ஓர் ஆண் மகவு பிறந்தது. இரவில் பிறந்த அந்தக் குழந்தைக்குத் தம் மூதாதையின் பெயரான இப்ராஹீம் என்ற பெயரைச் சூட்டிவிட்டதாக மகிழ்ச்சியோடு தோழர்களிடம் அறிவித்தார்கள். மதீனாவின் மேட்டுப் பகுதியில் வாழ்ந்த ஒரு கொல்லரின் வீட்டில் அக்குழந்தை பால்குடிக்க விடப்பட்டது. பத்தாண்டுகள் அண்ணலாரின் பணிவிடையில் இருந்த அனஸ் (ரலி), பிள்ளைகளிடம் அவர்களைவிட அதிகப் பரிவு காட்டிய ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று கூறிவிட்டு இதைத் தெரிவிக்கின்றார்கள்: நபியவர்கள் அந்த வீட்டிற்குச் செல்வார்கள், தோழர்களும் உடன் செல்வார்கள், கொல்லர் உலை ஊதுவதால் வீடெல்லாம் புகை மண்டியிருக்கும், அந்தப் புகைக்குள் நுழைந்து, குழந்தையை வாங்கி முத்தமிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குப் புகை மண்டிய அறை என்றால் என்னவென்று தெரியும். ஓர் அரசின் தலைவர், படை நடத்தியவர், பல திசைகளிலிருந்தும் தூதுக்குழுக்கள் வந்து காத்துக் கிடந்த காலம் அது. அப்போதுதான் ஊரின் மேட்டுக்கு நடந்து சென்று, புகைக்குள் புகுந்து மகனைத் தூக்கியிருக்கின்றார்கள். எந்த நாளில் என்ற குறிப்பு இல்லை. வழக்கமாகச் செய்தார்கள் என்பதே செய்தி.

அக்குழந்தை இரண்டு வயதை எட்டவில்லை. உயிர் பிரியும் தறுவாயில் மடியில் வைத்துக் கொண்டு அண்ணலார் கண்ணீர் வடித்தார்கள். தாங்களுமா என்று தோழர் ஒருவர் வியந்தபோது, இது அல்லாஹ் உள்ளத்தில் வைத்த இரக்கம் என்று விளக்கினார்கள். கண் அழுவதும் மனம் வருந்துவதும் இயற்கை, நாவு மட்டும் இறைவனுக்கு உவப்பில்லாததைச் சொல்லாது என்ற கருத்தைக் கூறினார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. வானியலார் கணக்கிட்டு அதனை கி.பி. 632 ஜனவரி 27 என்று குறிக்கின்றனர். நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக் கொண்டனர். துயரத்தின் நடுவிலும் அண்ணலார் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். யாருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

"இந்தப் பிள்ளை பிறந்த நேரம் சரியில்லை, இது வந்த பிறகுதான் விலை விழுந்தது" என்று ஒரு பச்சிளங்குழந்தையைக் காட்டிச் சொல்லும் வாய்கள் நம் வீடுகளிலும் உண்டு. விலை ஏறிய ஆண்டில் பிறந்த பிள்ளை ராசியான பிள்ளை, இறங்கிய ஆண்டில் பிறந்தது தரித்திரம்! அத்தகையோர் அந்தக் கிரகண நாளின் செய்தியைத் தம் மனத்தில் பதித்துக் கொள்ளட்டும். பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகின்றது. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, மக்கள் பார்வையிலிருந்து ஒளிந்து கொண்ட ஜாஹிலிய்யாக் காலத்துத் தந்தையை அல்குர்ஆன் கண்டிக்கின்றதே!

மகனுக்கு விழா, மகளுக்கு மிட்டாய்

பிறந்த நாள் விஷயத்தில் நாம் காணும் இன்னொரு அநீதி இது. மூத்த மகனுக்கு ஊரைக் கூட்டி விருந்து. அடுத்த மகளுக்குக் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம். மகள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலே மனத்தில் வைத்துக் கொள்கின்றாள்.

பஷீர் (ரலி) என்ற தோழர் தம் மகன் நுஃமானுக்கு ஒரு பொருளை அன்பளிப்பாகக் கொடுத்தார். நபியவர்கள் இதற்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்று மனைவி அம்ரா (ரலி) வற்புறுத்தினார். பஷீர் சென்று கூறியபோது, உம்முடைய மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று அண்ணலார் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு கட்டளையிட்டார்கள். பஷீர் திரும்பிச் சென்று கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். இச்செய்தியை அறிவிப்பவரே அந்த நுஃமான் (ரலி) என்பதுதான் இதிலுள்ள அழகு. தமக்குக் கிடைத்த பரிசு பறிபோன கதையைப் பெரியவராகிய பின் தாமே மக்களுக்கு எடுத்துரைத்தார்கள்.

குழந்தையின் உரிமை எது?

பிறந்த நாள் விழா குழந்தையின் உரிமை என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் பிறப்பையொட்டிச் சில காரியங்களைச் செய்யுமாறு வழிகாட்டியிருக்கின்றது. நல்ல பெயர், தஹ்னீக், ஏழாம் நாளில் அகீகா, முடி களைந்து அதன் எடைக்கு வெள்ளி தர்மம். ஷாஃபிஈ மத்ஹபில் அகீகா ஸுன்னத். நம் வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் விரும்பத்தக்கது. வசதி இல்லாதவர் மீது குற்றமில்லை. பச்சிளங்குழந்தையின் முடி சில கிராம் எடை. அதற்கீடான வெள்ளியின் விலை பெருந்தொகையாகாது. முதல் பிறந்த நாளுக்கு இலட்சம் செலவழித்த வீட்டில், "அகீகா கொடுத்தாயிற்றா?" என்று கேட்டால், "இன்னும் இல்லை ஹஜ்ரத், வசதி வரட்டும்" என்ற பதிலைப் பலமுறை கேட்டாயிற்று.

பிள்ளையின் பிறந்த தேதியை அறிந்து வைத்திருப்பது அவசியமே. ஏழு வயதில் தொழுகையை ஏவ வேண்டும் என்பது நபிமொழியின் கட்டளை. ஏழு என்பது எந்தக் கணக்கில்? பிறைக் கணக்கின்படி ஓராண்டு என்பது ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆகவே ஆங்கிலத் தேதிப்படி ஏழாம் பிறந்த நாள் வரும்போது, பிறைக் கணக்கில் பிள்ளை ஏழு வயதைக் கடந்து இரண்டரை மாதங்கள் ஆகியிருக்கும். பிறந்த தேதியின் பிறையையும் எழுதி வையுங்கள். நம் முன்னோர் பலருக்குப் பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதியானது. இன்று அப்படி இருக்க முடியாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாள்களுக்குள் பிறப்பைத் தெரிவித்துவிட்டால் கட்டணமில்லை. பெயரில்லாமல் பதிவாகியிருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு முதலியவற்றிற்குப் பிறந்த தேதியின் சான்று இந்தச் சான்றிதழ்தான். மலைமேல் தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். குழந்தை கேரள எல்லைக்குள் பிறந்திருந்தால் பதிவும் அங்கேதான் நடக்கும். ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பிறகு இரு மாநிலங்களுக்கிடையே அலைய நேரும். பெயர் எழுத்துகளையும் சரிபாருங்கள். அரபுப் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று விதமாக எழுதிவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது திணறுவோர் ஏராளம்.

அந்த நாளில் என்ன செய்வது?

பிள்ளை ஆசையோடு எதிர்பார்த்த நாளில் முகத்தைத் திருப்பிக் கொண்டு, "நமக்கு அதெல்லாம் இல்லை" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதும் நபிவழியாகாது. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு குருவி வளர்த்து வந்தார். அது இறந்து போயிற்று. சோர்ந்திருந்த அவரிடம் அண்ணலார் அந்தக் குருவியைப் பற்றி, எதுகை நயம்பட, விளையாட்டாக விசாரித்தார்கள். உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வீடு அது. அவர்களும் கணவர் அபூ தல்ஹா (ரலி) அவர்களும் ஒரு குழந்தையைப் பறிகொடுத்து, பொறுமை காத்து, பின்னர் அப்துல்லாஹ் என்ற மகனைப் பெற்ற வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். இறந்த அக்குழந்தை அபூ உமைரே என்று அறிஞர் சிலர் கூறுவர். பிள்ளையின் குருவிக்காகவும் ஒரு கேள்வி கேட்கப்பட்ட வீடு அது என்பதை அந்த வரலாற்றோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அன்றைய தினம் அத்தாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டிலிருக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு நாள் கூலி மண்டப வாடகையைவிடக் குறைவு. பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்து, எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். அதற்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை. அது பிறந்த அன்று மழையா வெயிலா, எந்த மருத்துவமனை, யார் காதில் பாங்கு சொன்னார், பெயரை யார் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லுங்கள். இதை நன்னியிடம் கேட்கச் சொல்வது இன்னும் நல்லது. பிள்ளையின் கையாலேயே ஏழை ஒருவருக்கு ஏதேனும் கொடுக்கச் செய்யுங்கள். வளைகுடா நாடுகளில் இருக்கும் தந்தையர் பொம்மைக்குப் பணம் அனுப்புவதோடு நில்லாமல், அலைபேசியில் பிள்ளை ஓதுவதைப் பொறுமையாகக் கேட்கலாம். இவற்றை அந்தத் தேதியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. மார்ச்சு மாதத்தில் வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் நாள்கள் இதற்கு மிகவும் வசதியானவை.

கடைசியாக ஒரு வினா. மாற்றுமத அண்டை வீட்டார் தம் குழந்தையின் பிறந்த நாளுக்கு நம் பிள்ளையை அழைத்தால் அனுப்பலாமா? நம் ஊர்களில் சுவரை ஒட்டிச் சுவராக வாழ்கின்றோம். ஒரே ஜீப்பில் மலையேறுகின்றோம். அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கத்தில் மிக வலியது. பூசை, ஆரத்தி போன்ற வழிபாட்டுச் சடங்குகளில் பங்கெடுக்காமல், ஹலாலான உணவை உண்டு, ஒரு புத்தகமோ பேனாவோ பரிசாகக் கொடுத்து வரலாம் என்பது இவ்வெளியோனின் கருத்து. எரியும் மெழுகுவர்த்தியின் அருகே நுரை ஸ்பிரே அடிக்கும் இடத்திலிருந்து மட்டும் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அந்த நுரை தீப்பற்றக்கூடியது. நம் மதரஸாக்களிலோ, முந்தைய நாள் கேக் தின்றதற்காகப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி விசாரிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கின்றது. உஸ்தாதுமார்கள் அதனைக் கைவிட வேண்டும். ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால், மலையிலிருந்து அத்தா இறங்கி வந்த பிறகு, மஃரிபுக்குப் பின் அவரைத் தனியே அழைத்துச் சொல்லலாம்.